ஒரே கம்ப்யூட்டர், ஐந்து அக்கவுன்ட்: யாருடையதை அழிப்பது?

விருதுநகர் மாவட்டத்திலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். நீண்ட கடிதம். அதன் சாரம் இதுதான்.

வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே கம்ப்யூட்டர். 2019-ல் பக்கத்து டவுனில் அசெம்பிள் செய்து வாங்கியது. விண்டோஸ் 10, 4 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். அதில் ஐந்து யூசர் அக்கவுன்ட்கள் இருக்கின்றன. கணவருக்கு ஒன்று, கடைக் கணக்கை டாலியில் எழுதுகிறார். ஆசிரியைக்கு ஒன்று. இன்ஜினீயரிங் படிக்கும் மகளுக்கும் பிளஸ் ஒன் படிக்கும் மகனுக்கும் ஆளுக்கு ஒன்று. ஐந்தாவது கொழுந்தனாருடையது. கொரோனா ஊரடங்கில் அவர் இங்கே தங்கி வேலை பார்த்தபோது உருவாக்கியது, 2021-க்குப் பிறகு யாரும் அதைத் திறக்கவில்லை. எல்லாப் பெயர்களுக்கும் கீழே 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று இருக்கிறதாம்.

ஒரு வருடமாகக் கம்ப்யூட்டர் மிகவும் மெதுவாகிவிட்டது. இரவு ஒன்பதரை மணிக்குச் சமையலறை வேலை முடிந்து இவர் வந்து உட்கார்ந்தால், வேர்டு திறப்பதற்குள் ஏழெட்டு நிமிடம் போய்விடுகிறது. சர்வீஸ்காரர் வந்து பார்த்து, "அக்கவுன்ட் அதிகமாகிவிட்டது, அதுதான் காரணம். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுங்கள்" என்றிருக்கிறார். "என் அக்கவுன்டில் இவ்வளவு தாமதம் இல்லையே, உன்னுடையதில்தான் கோளாறு" என்பது கணவரின் கட்சி. முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் அழித்துவிடலாம் என்று முடிவாகியிருக்கிறது.

ஆசிரியைக்கு மனம் ஒப்பவில்லை. அவருடைய அக்கவுன்டில் வினாத்தாள்கள் இருக்கின்றன. இறந்துபோன தகப்பனாரின் பழைய படங்களை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார். பல வருடங்களாகத் தனக்கென்று எழுதிவரும் குறிப்புகளும் அங்கேதான். "இதெல்லாம் மற்றவர்கள் பார்க்கும் இடத்துக்குப் போவதில் எனக்கு விருப்பமில்லை. ஆனால் நான் சுயநலமாக யோசிக்கிறேனோ, என்னால்தான் எல்லோருக்கும் கம்ப்யூட்டர் மெதுவாகிறதோ?" என்று கேட்கிறார்.

டீச்சர், உங்கள் அக்கவுன்டை அழிக்க வேண்டாம். அழித்தாலும் கம்ப்யூட்டர் வேகமாகப் போவதில்லை. சுயநலம் என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை. இருபது வருடத்துக்கு மேலாகக் கம்ப்யூட்டர் பராமரிப்பில் இருக்கிறேன். வீட்டில் ஒரே கம்ப்யூட்டர் இருந்து, யாராவது ஒருவருடைய அக்கவுன்ட் போக வேண்டும் என்ற பேச்சு வந்தால், பெரும்பாலும் அது அம்மாவுடையதாகத்தான் இருக்கும். அதனால் உங்கள் கடிதத்துக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது

மூன்றாவது பக்கத்தில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். இரவு ஷட் டவுன் கொடுத்தால், 'வேறு ஒருவர் இன்னும் இந்தக் கம்ப்யூட்டரைப் பயன்படுத்துகிறார், இப்போது நிறுத்தினால் அவர் சேமிக்காத வேலை போய்விடலாம்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை வருகிறது, பயந்துபோய் மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டுப் படுத்துவிடுகிறேன் என்று. நோய் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

ஒரு அக்கவுன்ட் உருவாக்கி வைத்திருப்பது வேறு, அந்த அக்கவுன்டில் ஒருவர் லாகின் ஆகி இருப்பது வேறு. திறக்காமல் கிடக்கும் அக்கவுன்ட் ஹார்ட் டிஸ்கில் கொஞ்சம் இடம் பிடிக்கும், அவ்வளவுதான். ராமில், அதாவது ஓடும் புரோகிராம்கள் தங்கும் தற்காலிக நினைவகத்தில், அதற்கு இடம் தேவையில்லை, பிராசசருக்கும் அதனால் வேலை இல்லை. ஊரில் ஐந்நூறு பேர் பஸ் பாஸ் வைத்திருப்பதால் பஸ்ஸில் நெரிசல் வந்துவிடாது. ஏறி உட்கார்ந்தவர்களும், துண்டைப் போட்டு சீட் பிடித்துவிட்டுக் கீழே டீ குடிக்கப் போனவர்களும்தான் இடத்தை அடைப்பவர்கள்.

உங்கள் வீட்டில் எல்லோரும் துண்டு போட்டுவிட்டுத்தான் போகிறார்கள். ஒருவர் வேலையை முடித்ததும் 'ஸ்விட்ச் யூசர்' முறையில் தன் பெயரை அழுத்தி அடுத்தவர் உள்ளே போகிறார். 2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியிலிருந்தே இந்த வசதி இருக்கிறது. ஐந்து நிமிடம் யாராவது அவசரமாகக் கேட்டால் நல்ல வசதிதான். ஆனால் முன்னால் இருந்தவர் திறந்து வைத்த எதுவும் மூடப்படுவதில்லை. சாயங்காலம் கணவர் மூடாமல் விட்ட டாலி, மகளுடைய குரோமில் பதினைந்து டேப், மகனின் கேம் லாஞ்சர், எல்லாம் பின்னால் உயிரோடு இருக்கும். மகள் டவுன்லோடு போட்டிருந்தால் அதுவும் ஓடிக்கொண்டே இருக்கும்.

4 ஜிபியில் ஏறக்குறைய பாதி விண்டோஸுக்கே போய்விடும். மீதியில் மூன்று பேர் ஏற்கெனவே உட்கார்ந்திருக்க, நான்காவதாக நீங்கள் வருகிறீர்கள். இடம் போதாதபோது விண்டோஸ் என்ன செய்யும்? ராமில் இருப்பவற்றில் சும்மா இருப்பதை எடுத்து ஹார்ட் டிஸ்கில் ஒரு கோப்பில் இறக்கி வைக்கும். பேஜ் ஃபைல் என்பார்கள். தேவைப்படும்போது திரும்ப ஏற்றும். சுழலும் ஹார்ட் டிஸ்க் அங்கும் இங்குமாகச் சிதறிக் கிடப்பதைத் தேடி எடுப்பதென்றால் நொடிக்கு நூறு தடவை அளவில்தான் முடியும். உங்கள் வேர்டைப் படிப்பது, மகளுடைய குரோமை இறக்குவது, விண்டோஸின் சொந்த வேலை எல்லாம் டிஸ்கைப் படிக்கும் அதே ஒரு முள்ளுக்காகக் காத்து நிற்கின்றன. உங்களுடைய ஏழெட்டு நிமிடம் அங்கேதான் போகிறது.

உங்கள் அக்கவுன்டில் மட்டும் தாமதம் அதிகம் என்று கணவர் சொல்வதும் பொய் இல்லை. அவர் பார்த்தது சரி, சொல்லும் காரணம்தான் தவறு. வீட்டில் கடைசியாக உட்காருபவர் நீங்கள். எல்லோரும் ஏறிய பிறகு ஏறுகிறீர்கள்.

இதை ஒரு நாள் சோதித்துப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் தங்கள் வேலையைச் சேமித்த பிறகு ரீஸ்டார்ட் கொடுங்கள். முதல் ஆளாக உங்கள் அக்கவுன்டுக்குள் போய் வேர்டைத் திறந்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஸ்விட்ச் செய்து மகன், மகள், கடைசியாகக் கணவர் என்று வழக்கமான புரோகிராம்களோடு வரிசையாகப் போகட்டும். அன்றைக்குத் தாமதம் யாருடைய அக்கவுன்டில் என்று பாருங்கள்.

அப்படியே கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். கீழே 'மோர் டீட்டெயில்ஸ்' இருந்தால் அதை அழுத்திவிட்டு, மேலே 'யூசர்ஸ்' என்ற பகுதிக்குப் போங்கள். யார் யார் இன்னும் உள்ளே இருக்கிறார்கள், ஒவ்வொருவரும் எவ்வளவு ராம் பிடித்திருக்கிறார்கள் என்று பெயரோடு வரும். கொழுந்தனாரின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்காது. அக்கவுன்ட் எண்ணிக்கைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பதற்கு அதுவே போதுமான சாட்சி.

மருந்து சுலபம்தான். எழுந்திருக்கும்போது எல்லோரும் 'சைன் அவுட்' கொடுக்க வேண்டும். ஸ்டார்ட் பட்டனில் தங்கள் படத்தை அழுத்தினால் வரும். அதன் பிறகு ஷட் டவுன் கொடுத்தால் உங்களைப் பயமுறுத்திய எச்சரிக்கை வராது. வாரம் ஒரு முறையாவது ரீஸ்டார்ட் கொடுங்கள். விண்டோஸ் 8-லிருந்து ஷட் டவுன் என்பது சிஸ்டத்தின் ஒரு பகுதியை டிஸ்கில் அப்படியே சேமித்து வைத்துவிட்டுத்தான் அணைகிறது. ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும்.

சர்வீஸ்காரர் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது

அவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. அக்கவுன்ட்கள் நிஜமாகவே சுமையாகும் இடம் ஒன்று உண்டு: சி டிரைவ். நம் ஊரில் அசெம்பிள் செய்து தரும்போது 1 டிபி டிஸ்கை சி, டி, இ என்று பிரித்து, சி-க்கு 100 ஜிபி மட்டும் ஒதுக்குவது பழைய வழக்கம். எல்லோருடைய டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிரவுசர் சேர்த்துவைக்கும் தற்காலிகக் கோப்புகள் எல்லாம் அந்தச் சின்ன சி-யில்தான் விழும். டி காலியாகக் கிடக்க, சி சிவப்புக் கோட்டைத் தொட்டுவிடும். சி நிறைந்துவிட்டால் அப்டேட்கள் பாதியில் நிற்கும், பேஜ் ஃபைல் வளர இடம் இருக்காது, எல்லாமே தடுமாறும். முதலில் 'திஸ் பிசி'யைத் திறந்து சி எவ்வளவு காலி என்று பாருங்கள்.

யார் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறார்கள் என்று ஊகிக்க வேண்டியதில்லை. கன்ட்ரோல் பேனலில் சிஸ்டம், அதில் அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ், அதில் 'யூசர் புரொஃபைல்ஸ்' என்ற தலைப்பின் கீழ் செட்டிங்ஸ். ஒவ்வொரு அக்கவுன்டின் அளவும் அங்கே தெரியும். கொழுந்தனாருடையது பெரிதாக இருந்தால் எனக்கு ஆச்சரியம் இருக்காது. ஆபீஸ் வேலை பார்த்தவர் என்றால் அவுட்லுக் தன் மெயில் பெட்டியின் முழு நகலையும் அங்கே வைத்திருக்கலாம். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டு, அவருக்கு வேண்டியதை எடுத்துக் கொடுத்துவிட்டு, அந்த ஒன்றை நீக்கலாம். செட்டிங்ஸ், அக்கவுன்ட்ஸ், 'ஃபேமிலி அண்ட் அதர் யூசர்ஸ்' வழியாக நீக்க வேண்டும். சி டிரைவின் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் போய் அவர் பெயரில் உள்ள ஃபோல்டரைக் கையால் அழிப்பது சரியல்ல. விண்டோஸின் பதிவேட்டில் பெயர் அப்படியே தங்கிவிடும். இன்னும் புழக்கத்தில் இருக்கும் அக்கவுன்டுக்கு அப்படிச் செய்துவிட்டால், அடுத்த முறை லாகின் ஆகும்போது 'டெம்பரரி புரொஃபைல்' என்று வெறுமையான திரை வந்து நிற்கும்.

இன்னொன்று, லாகின் ஆனதும் தானாக ஓடத் தொடங்கும் புரோகிராம்கள். டாஸ்க் மேனேஜரில் 'ஸ்டார்ட்அப்' பகுதியில் தேவையில்லாதவற்றை டிசேபிள் செய்யலாம். உங்கள் அக்கவுன்டில் செய்தால் மகனின் அக்கவுன்டில் உள்ளவை அப்படியே இருக்கும் என்பதால், ஆளாளுக்கு அவரவர் அக்கவுன்டில் செய்ய வேண்டும். விண்டோஸின் பெரிய அப்டேட் வந்த பிறகு ஒவ்வொருவரும் முதல் தடவை உள்ளே போகும்போது சில நிமிடங்கள் காக்க வைக்கும். அது ஒரு தடவையோடு முடிந்துவிடும், அதை வைத்து அக்கவுன்டைக் குற்றம் சொல்ல வேண்டாம்.

அழித்தால் என்ன போகும்

'டெலீட் அக்கவுன்ட் அண்ட் டேட்டா' என்று ஒரு பட்டன் வரும். அதை அழுத்தினால் அந்த அக்கவுன்டின் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள் எல்லாம் போய்விடும். ரீசைக்கிள் பின்னுக்குக் கூட வராது. 'பெயர்தானே போகிறது, ஃபைல் எங்கேயாவது இருக்கும்' என்று நினைத்து அழுத்தியவர்கள் அழுதுகொண்டு வந்து நின்றதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே யார் என்ன முடிவெடுத்தாலும் சரி, அப்பாவின் படங்களையும் உங்கள் குறிப்புகளையும் இன்று இரவே ஒரு பென் டிரைவில் நகல் எடுங்கள். முடிந்தால் இரண்டில். ஒன்று வீட்டில், ஒன்று பள்ளியில் உங்கள் மேசையில், படங்கள் மட்டுமாவது. 2019-ல் வாங்கிய ஹார்ட் டிஸ்கை நம்பி ஒரே பிரதியை வைத்திருக்கக் கூடாது. யாரும் அழிக்காவிட்டாலும் அது ஒரு நாள் தானாக நின்றுபோகலாம்.

எல்லோரும் ஒரே அக்கவுன்டுக்கு மாறினால் கிடைக்கும் லாபம், அடுத்தவர் புரோகிராம் பின்னால் ஓடாது என்பது மட்டும்தான். அதுவும் எழுந்துபோகிறவர் எல்லாவற்றையும் மூடினால்தான். அதே பலன் சைன் அவுட்டிலும் கிடைக்கிறது. இழப்போ பெரிது. ஒருவர் சேமித்த பேங்க் பாஸ்வேர்டு எல்லோர் கைக்கும் எட்டும். மகன் எங்கிருந்தோ இறக்கும் கேமில் வைரஸ் வந்தால், கணவரின் கணக்கும் உங்கள் கோப்புகளும் அதன் முன்னால் திறந்து கிடக்கும். அப்புறம் உங்கள் வேலை. வீட்டுக்கு விளையாட வரும் மகனின் நண்பர்கள் உங்களிடம் வேதியியல் படிக்கும் பிள்ளைகள் என்று எழுதியிருக்கிறீர்கள். தேர்வுக்கு முன்னால் வினாத்தாளைப் பத்திரமாக வைப்பது உங்கள் பொறுப்பு. அதற்கு உங்களுக்கென்று தனி இடம் வேண்டும் என்று கேட்பதில் தயங்க ஒன்றும் இல்லை. வினாத்தாளே இல்லாவிட்டாலும், உங்கள் குறிப்புகளுக்காக மட்டும் கேட்டாலும், அது நியாயமான கோரிக்கைதான்.

பாஸ்வேர்டு போட்டால் போதுமா?

ஒரு விஷயத்தில் மட்டும் நீங்கள் தவறாக நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். என் அக்கவுன்டுக்குப் பாஸ்வேர்டு இருப்பதால் யாரும் பார்க்க முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். ஐவரும் அட்மினிஸ்ட்ரேட்டராக இருக்கும் வரை அது உண்மை இல்லை. மகன் தன் அக்கவுன்டிலிருந்தே யூசர்ஸ் ஃபோல்டரில் உங்கள் பெயரைத் திறந்தால், அனுமதி இல்லை என்று ஒரு பெட்டி வரும். அதில் 'கன்டினியூ' அழுத்தினால் உள்ளே போய்விடலாம். கோப்பை டி டிரைவில் வைத்தாலோ அந்தப் பெட்டி கூட வராது. வழக்கமாக டி-யில் உள்ளதை எல்லா அக்கவுன்டிலிருந்தும் படிக்கலாம், மாற்றலாம். ஆகவே சி-யில் இடம் விட வீடியோக்களையும் பொதுப் படங்களையும் டி-க்கு மாற்றுங்கள். வினாத்தாளையும் குறிப்புகளையும் மாற்றாதீர்கள்.

என் யோசனை இது. அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடு புதிதாக ஓர் அக்கவுன்ட் உருவாக்குங்கள். அதன் பாஸ்வேர்டை ஒரு கவரில் எழுதி நீங்களும் கணவரும் மட்டும் அறிந்த இடத்தில் வையுங்கள். மற்ற நால்வரையும் 'ஸ்டாண்டர்டு யூசர்' ஆக மாற்றிவிடுங்கள். ஏதாவது இன்ஸ்டால் செய்ய, அப்டேட் செய்ய மட்டும் அந்தப் பாஸ்வேர்டு தேவைப்படும். ஏற்கெனவே அதிகம் என்கிறார்கள், இன்னொன்றா என்று வீட்டில் கேட்பார்கள். யாரும் தினமும் அதற்குள் போகப் போவதில்லை என்பதால் அது வேகத்தைத் தொடாது. கொழுந்தனாருடையது போய்விட்டால் எண்ணிக்கையும் பழையபடி ஐந்துதான்.

உங்கள் சொந்தக் குறிப்புகளுக்கு இதற்கு மேலும் ஒரு பூட்டு வேண்டும். வேர்டில் ஃபைல், இன்ஃபோ, 'புரொடெக்ட் டாக்குமென்ட்', அதில் 'என்கிரிப்ட் வித் பாஸ்வேர்டு'. அந்தப் பாஸ்வேர்டை மறந்தால் மைக்ரோசாஃப்ட்டாலும் மீட்டுத் தர முடியாது. ஆகவே மறக்க முடியாத, ஆனால் வீட்டில் யாரும் ஊகிக்க முடியாத ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

காசு செலவழிப்பதாக இருந்தால்

புது கம்ப்யூட்டர் இப்போதைக்கு வேண்டாம். ஹார்ட் டிஸ்கோடு கூட ஒரு 256 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) போட்டு, விண்டோஸை அதற்கு மாற்றச் சொல்லுங்கள். பழைய டிஸ்க் படம், வீடியோ வைக்க இருக்கட்டும். இன்னொரு 4 ஜிபி ராம் சேர்க்க முடிந்தால் சேருங்கள். மதர்போர்டில் ஸ்லாட் காலியா என்பதை டாஸ்க் மேனேஜரின் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் மெமரியை அழுத்திப் பார்க்கலாம். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் எஸ்எஸ்டியை முதலில் வாங்குங்கள், வித்தியாசம் அன்றைக்கே தெரியும்.

விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்ட்டின் இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் பெறத் தனியாகப் பதிவு செய்துகொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. பேங்க் வேலை இதில் நடக்கிறது என்பதால் அலட்சியம் வேண்டாம். விண்டோஸ் 11-க்கு மாற முடியுமா என்பது முக்கியமாகப் பிராசசரைப் பொறுத்தது. இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஏற்கும். பில்லை எடுத்துப் பாருங்கள். ஏற்றாலும் 4 ஜிபியில் அதை ஓட்ட நான் சொல்ல மாட்டேன்.

கணவரிடம் இதை வாதமாகக் கொண்டுபோக வேண்டாம். ஞாயிறு சோதனையின்போது பக்கத்தில் உட்காரவைத்து யூசர்ஸ் பட்டியலை நேரில் காட்டுங்கள். டாலியைத் திறந்தபடியே விட்டுப் போவது அவருக்கே ஆபத்து என்பதையும் சொல்லுங்கள். நடுவில் கரண்ட் போனால் கணக்குக் கோப்பு கெட்டுப்போக வாய்ப்புண்டு. பேக்கப் எடுத்துவிட்டு மூடி, சைன் அவுட் கொடுக்கட்டும். இரண்டு வாரம் இப்படி ஓட்டிப் பாருங்கள். அப்போதும் வேர்டு திறக்க ஏழெட்டு நிமிடம் ஆனால், டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் திரையையும் சி டிரைவின் அளவையும் செல்போனில் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.